'அலர்ட்' வேறு... 'வார்னிங்' வேறு! மழைக்காலத்தில் இந்த இரண்டு சொற்களையும் நெல்லை மக்கள் ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும்?

வடகிழக்குப் பருவமழை சூடுபிடித்துவிட்டால் நெல்லை டீக்கடைகளில் ஒரு பேச்சு கட்டாயம் காதில் விழும். "அண்ணாச்சி, நம்ம ஊருக்கு ரெட் அலர்ட்டாமே?" என்று ஒருவர் கேட்பார். "அலர்ட்தானடே தம்பி, பாத்துக்கிடுவோம். போன தடவையும் இப்படித்தான் சொன்னானுவ, ஒரு சொட்டு விழல" என்று பதில் வரும். வீட்டில் பிள்ளைகளுக்கோ ஒரே கேள்விதான்: "நாளைக்கு லீவு உண்டா?"

இந்தப் பேச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'ரெட் அலர்ட்' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். டிவியின் கீழே ஓடும் எழுத்துகளில் அதுதான் வருகிறது, வாட்ஸ்அப்பில் அதுதான் சுற்றுகிறது, அமைச்சர்களும் அதிகாரிகளும் பேட்டியில் அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வண்ணப் பட்டியலில் சிவப்புக்கு நேரே இருக்கும் சொல் 'அலர்ட்' கிடையாது. அங்கே இருப்பது 'வார்னிங்'.

ஒரு சொல்தானே, இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். ஆற்றங்கரையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிதுதான்.

நான்கு நிறம், நான்கு சொல்

வானிலை மையம் பயன்படுத்தும் நிறங்கள் நான்கு. பச்சை என்றால் எச்சரிக்கை எதுவும் இல்லை, வழக்கம்போல வேலையைப் பார்க்கலாம். மஞ்சளுக்கு நேரே 'வாட்ச்' என்று இருக்கும். கவனித்துக்கொண்டே இருங்கள், அடுத்தடுத்த அறிவிப்புகளைப் பாருங்கள் என்று பொருள். ஆரஞ்சுக்கு 'அலர்ட்'. அதன் பக்கத்திலேயே 'தயாராக இருங்கள்' என்ற விளக்கமும் உண்டு. சிவப்புக்கு 'வார்னிங்'. அதற்கான விளக்கம் 'நடவடிக்கையில் இறங்குங்கள்'.

அதாவது அலர்ட் என்பது தயாராகும் கட்டம், வார்னிங் என்பது கிளம்பும் கட்டம். இரண்டுக்கும் நடுவில் ஒரு படி வித்தியாசம் இருக்கிறது. சிவப்பு வந்தபிறகும் அதை 'அலர்ட்' என்றே சொல்லும்போது, கிளம்ப வேண்டிய ஆள் "சரி, ரெடியா இருப்போம்" என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட வாய்ப்பு இருக்கிறது.

இந்த நிறங்கள் முதலில் மாவட்ட நிர்வாகத்துக்காகவும் பேரிடர் மேலாண்மைத் துறைக்காகவும் உருவானவை. எங்கே மீட்புக் குழுவை நிறுத்துவது, எந்தப் பள்ளியை முகாமாக மாற்றுவது என்று அவர்கள் முடிவெடுக்க இந்தப் படிகள் உதவும். பொதுமக்கள் கைக்கு வரும்போது நிறம் மட்டும் வந்து சேர்கிறது. பக்கத்தில் இருந்த விளக்கம் வழியிலேயே கழன்றுவிடுகிறது.

சொல்லின் கதை

'அலர்ட்' என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியாக இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. 'ஆல் எர்த்தா' என்று அங்கே சொல்வார்கள். உயரமான இடத்துக்கு ஏறிக் காவல் பார் என்று பொருள். கோட்டைச் சுவரின் மேல் நின்று தூரத்தைப் பார்க்கும் காவலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். எதிரி இன்னும் வரவில்லை, வரலாம். கண்ணைத் திறந்து வைத்திருப்பதுதான் அவன் வேலை.

'வார்ன்' பழைய ஆங்கிலச் சொல். ஆபத்து வருகிறது என்று இன்னொருவருக்குத் தெரிவிப்பதே அதன் பொருள். ஆகவே அலர்ட் என்பது உங்கள் நிலையைப் பற்றிய சொல், நீங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. வார்னிங் வரப்போகும் ஆபத்தைப் பற்றிய சொல். ஆங்கிலத்தில் ஒரு காவலாளியை 'அலர்ட்டான ஆள்' என்று சொல்லலாம், 'வார்னிங்கான ஆள்' என்று சொல்ல முடியாது.

தமிழில் இந்த இரண்டு வேலையையும் 'எச்சரிக்கை' என்ற ஒரே சொல் தூக்கிச் சுமக்கிறது. "எச்சரிக்கையா இருப்பா" என்றால் அது அலர்ட். "எச்சரிக்கை விடப்பட்டுள்ளது" என்றால் அது வார்னிங். எழுத்துத் தமிழில் ஆரஞ்சு எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை என்று நிறத்தை வைத்துத்தான் பிரிக்க முடிகிறது. பேச்சுத் தமிழ் இந்த விஷயத்தில் கொஞ்சம் கெட்டி. "உஷாரா இரு" என்பதற்கும் "கிளம்பு, நிக்காதே" என்பதற்கும் உள்ள வித்தியாசம் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அலர்ட் முதலாவது, வார்னிங் இரண்டாவது.

நம் காதில் தலைகீழ்

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தமிழ்நாட்டில் 'வார்னிங்' என்ற சொல்லை நாம் எங்கே கேட்டுப் பழகியிருக்கிறோம்? ஹெல்மெட் போடாமல் போனவரைப் போலீஸ் பிடித்து, "வார்னிங் கொடுத்து விட்டுட்டாங்க" என்கிறோம். பள்ளியில் ஹெச்.எம். முதல் தடவை வார்னிங்கோடு விட்டுவிடுவார். ஆபீஸில் மெமோவுக்கு முன்னால் வருவது வார்னிங். இங்கெல்லாம் வார்னிங் என்றால் தப்பித்தாயிற்று என்று அர்த்தம். சிகரெட் அட்டையில் இருக்கும் வார்னிங்கை யாரும் படிப்பதுகூட இல்லை.

'ரெட் அலர்ட்' அப்படியில்லை. குடியரசு தினத்துக்கு முன்னால் விமான நிலையத்தில் போடுவது, சினிமாவில் சைரன் ஒலிக்கும்போது சொல்வது என்று பரபரப்பான இடங்களிலேயே அதைக் கேட்டிருக்கிறோம். அதனால் நம் காதுக்கு அலர்ட் பெரியதாகவும் வார்னிங் சின்னதாகவும் கேட்கிறது. வானிலை மையத்தின் பட்டியலோ நேர் எதிர். போதாக்குறைக்கு இப்போது பேங்கில் பத்து ரூபாய் எடுத்தாலும் 'எஸ்.எம்.எஸ். அலர்ட்' வருகிறது. அந்தச் சொல்லுக்கு இருந்த மரியாதையும் போய்விட்டது.

மற்ற இடங்களில் எப்படி?

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை ஆற்று வெள்ளத்துக்கு மூன்று படிகள் வைத்திருக்கிறது. 'ஃப்ளட் அலர்ட்' வந்தால் வெள்ளம் வரக்கூடும், தயாராகுங்கள். 'ஃப்ளட் வார்னிங்' வந்தால் வெள்ளம் வரும் என்றே எதிர்பார்க்கப்படுகிறது, செயல்படுங்கள். அதற்கும் மேலே 'சிவியர் ஃப்ளட் வார்னிங்', அதாவது உயிருக்கு ஆபத்து. கிட்டத்தட்ட நம் ஆரஞ்சும் சிவப்பும்தான்.

அமெரிக்காவில் 'வாட்ச்', 'வார்னிங்' என்ற இரண்டையும் மக்கள் குழப்பிக்கொள்வார்கள். அதைப் புரியவைக்க அங்கே டாக்கோ என்ற தின்பண்டத்தை உதாரணம் காட்டுவது பிரபலம். சாமான் எல்லாம் மேசையில் இருந்தால் வாட்ச், டாக்கோ தயாராகிவிட்டால் வார்னிங். நெல்லைக்கு டாக்கோ எதற்கு, அல்வா இருக்கும்போது? சம்பா கோதுமையை ஊறவைத்துப் பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் பக்கத்தில் வைத்தாயிற்று என்றால் அது அலர்ட். அல்வா வரலாம், ஏதோ காரணத்தால் வராமலும் போகலாம். சட்டியை அடுப்பில் ஏற்றிக் கிண்ட ஆரம்பித்துவிட்டால் வார்னிங். அதற்கப்புறம் வராமல் போவது அபூர்வம்.

புயல் விஷயத்தில் இந்திய வானிலை மையமே இந்த வரிசையை மணிக்கணக்கில் வகுத்து வைத்திருக்கிறது. மோசமான வானிலை கரையோரத்தில் தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு வருவது 'சைக்ளோன் அலர்ட்'. குறைந்தது 24 மணி நேரம் முன்பு வருவது 'சைக்ளோன் வார்னிங்'. ஆனால் புயல் அறிக்கைகளில் அலர்ட்டுக்கு மஞ்சள், வார்னிங்குக்கு ஆரஞ்சு, கரை கடந்த பிறகு என்ன ஆகும் என்று சொல்லும் அறிக்கைக்குச் சிவப்பு! மழைக்கு ஒரு நிறம், புயலுக்கு ஒரு நிறம் என்று மாறுகிறது. சொற்களின் வரிசை மட்டும் மாறவில்லை. நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது சரிப்படாது என்பதற்கு இதுவே ஒரு காரணம்.

2023 டிசம்பர் 17: என்ன நடந்தது?

இதையெல்லாம் இவ்வளவு தூரம் பேசுவதற்குக் காரணம், தாமிரபரணிக் கரையில் யாருக்கும் மறக்காத அந்த இரண்டு நாட்கள்.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. மாநிலத்தின் கவனம் முழுக்க வடக்கே இருந்தது. இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 17-ம் தேதி, குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டல மேலடுக்கு சுழற்சியால் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் மழை கொட்டத் தொடங்கியது. அது புயல் இல்லை. அதற்குப் பெயரும் கிடையாது. பெயர் இருந்தால்தான் நம் ஊரில் பயம் வரும் என்பது உண்மை. 'சைக்ளோன்' என்றால் ஓடுகிறோம், 'சைக்ளோனிக் சர்குலேஷன்' என்றால் தூறல்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். இதுவும் ஒலியில் ஒன்றுபோல இருந்து நம்மை ஏமாற்றும் ஜோடிதான். சுழற்சி என்பது காற்று சுழலும் அமைப்பு மட்டுமே. அது புயலாக வலுப்பெறாமலேயே, ஒரே இடத்தில் நின்று ஊரையே மூழ்கடிக்கும் மழையைக் கொடுக்க முடியும்.

டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. மலைமேல் மாஞ்சோலையில் 55. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட அதிகமாகக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது. மலையில் பெய்தது அணைகள் வழியாக ஆற்றில் வந்தது, சமவெளியில் பெய்தது குளங்களை உடைத்துக்கொண்டு வந்தது. நெல்லை ஜங்ஷன், வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை என்று நகரின் தாழ்வான இடங்களில் தண்ணீர் புகுந்தது. கீழே ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் பகுதிகள் தீவுகளாயின. ஏரல் பாலம் சேதமடைந்தது.

வானிலை மையத்தின் அளவுகோல் என்ன சொல்கிறது? 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை பெய்தால் கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. 204.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அதி கனமழை. இதுதான் கடைசிப் பெட்டி. இதற்கு மேல்வரம்பே கிடையாது. 21 சென்டிமீட்டர் பெய்தாலும் சிவப்பு, 95 சென்டிமீட்டர் பெய்தாலும் அதே சிவப்பு. நாலரை மடங்கு வித்தியாசம் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. "சிவப்புன்னா எவ்வளவு?" என்று கேட்டால், "20 சென்டிமீட்டருக்கு மேல, எவ்வளவு வேணும்னாலும்" என்பதுதான் சரியான பதில்.

பிறகு அரசியல் சண்டை வந்தது. வானிலை மையத்தின் எச்சரிக்கை தாமதமாக வந்தது, சொன்னதைவிடப் பல மடங்கு மழை பெய்தது என்று அப்போதைய தலைமைச் செயலாளர் சிவ்தாஸ் மீனா சொன்னார். டிசம்பர் 12-ம் தேதியே முன்னறிவிப்பு கொடுக்கப்பட்டது என்று ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பதில் சொன்னார். யார் சொன்னது சரி என்ற வாதம் நாள் கணக்கில் ஓடியது. அந்த வாதத்தைக் கேட்டவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: முன்னறிவிப்பு, அதாவது 'ஃபோர்காஸ்ட்', ஐந்து நாள் முன்பே வரலாம். அது 'அலர்ட்' ஆவதும் 'வார்னிங்' ஆவதும் தனித்தனிப் படிகள். "முன்கூட்டியே சொன்னோம்" என்று ஒருவர் சொல்லும்போது, எந்தப் படியில் எதைச் சொன்னார்கள் என்று கேட்டால்தான் பதில் தெளிவாகும்.

ரயில்காரர்களின் பாஷை

அதே டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. உள்ளே சுமார் 800 பயணிகள். அடுத்த பாதையில், ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே, ஜல்லி அடித்துச் செல்லப்பட்டுத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரயில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியாது. சுமார் 300 பேரைப் பக்கத்துப் பள்ளிக்குக் கொண்டுசென்ற பிறகு வழி துண்டிக்கப்பட்டது. மீதி 500 பேர் வரை அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் உணவு வந்தது. டிசம்பர் 19-ம் தேதிதான் அவர்களை வாஞ்சி மணியாச்சிக்குக் கொண்டுசேர்க்க முடிந்தது.

ரயில்வேயில் சொற்களுக்கு இருக்கும் கறார் நமக்குப் பாடமாகவே இருக்கும். சிக்னலில் இரட்டை மஞ்சள் எரிந்தால் அதற்குப் பெயர் 'அட்டென்ஷன்'. ஒற்றை மஞ்சள் எரிந்தால் 'காஷன்'. கேட்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், இரண்டுக்குமே "கவனம்" என்று மொழிபெயர்த்துவிடலாம். ஆனால் முதலாவதில் அடுத்த சிக்னலை வேகம் குறைத்துக் கடக்க டிரைவர் தயாராக இருக்க வேண்டும். இரண்டாவதில் அடுத்த சிக்னலில் நிற்கவே தயாராக இருக்க வேண்டும். இங்கே சொல்லோடு செயல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மழை அறிவிப்பில் அந்த ஒட்டுதான் நம் ஊரில் விட்டுப்போயிருக்கிறது.

'ஓரிரு இடங்களில்' என்றால்?

அறிக்கையில் இன்னொரு சொற்றொடரையும் கவனிக்க வேண்டும். "நெல்லை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் அதி கனமழைக்கு வாய்ப்பு" என்று வரும். ஓரிரு இடம் என்றதும் எங்கேயோ ஒரு மூலையில் என்று நினைத்துவிடுவோம். வானிலை மையத்தின் கணக்கில் அது மாவட்டத்திலோ மண்டலத்திலோ உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை. 26 முதல் 50 சதவீதம் என்றால் சில இடங்கள், அதற்கு மேல் பல இடங்கள், 75-ஐத் தாண்டினால் பெரும்பாலான இடங்கள். நான்கில் ஒரு பங்கு சின்ன மூலை இல்லை. அந்த ஒரு பங்கு மாஞ்சோலையாகவோ பாபநாசமாகவோ இருந்தால், பாளையங்கோட்டையில் வெயில் அடித்தாலும் ஆற்றில் தண்ணீர் வரும். நெல்லை நகரில் மழையில்லாமலேயே குறுக்குத்துறை மூழ்குவதைப் பெரியவர்கள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்கள்.

ஆற்றுக்கு வேறு அகராதி

மழைக்குச் சொன்ன அகராதியை அப்படியே ஆற்றுக்குப் பொருத்த முடியாது. மத்திய நீர்வள ஆணையம் ஆறுகளின் நீர்மட்டத்தை அளக்கும் இடங்களில் இரண்டு கோடுகள் உண்டு. ஒன்று 'வார்னிங் லெவல்', இன்னொன்று 'டேஞ்சர் லெவல்'. இங்கே வார்னிங் கீழ்ப்படி, டேஞ்சர் மேல்படி. மழை அறிவிப்பில் கடைசிப் படியாக இருந்த அதே சொல், ஆற்றில் முதல் படியாகிவிடுகிறது! "ஆறு வார்னிங் லெவலைத் தாண்டியது" என்ற செய்திக்கும் "மாவட்டத்துக்கு ரெட் வார்னிங்" என்ற செய்திக்கும் ஒரே எடை கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும். சொல் ஒன்று, அதைச் சொல்கிற அலுவலகம் வேறு என்பதை மனதில் வைக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் வைகைக்காரர்கள் சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். 71 அடி கொள்ளளவுள்ள வைகை அணையில் தண்ணீர் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அலர்ட்டும் இல்லை, வார்னிங்கும் இல்லை, எண் மட்டும்தான். மூன்றாவது எச்சரிக்கை வந்துவிட்டதா, அடுத்து ஷட்டர் திறப்பார்கள் என்று ஆற்றங்கரையில் ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும். ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

தாமிரபரணியில் பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. மூன்றும் நிரம்பும் கட்டத்தில் மலையில் மழை நீடித்தால் வருவதை அப்படியே விட வேண்டிய நிலை வந்துவிடும். அப்போது ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் "ஆற்றங்கரையோரம் வசிக்கும் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்" என்று சொல்லிப் போவார்கள். அந்த வாக்கியத்தில் நிறமோ ஆங்கிலமோ எதுவும் இருக்காது. ஆனால் அர்த்தத்தில் அதுதான் அசல் 'வார்னிங்'.

படியை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு நெல்லைக்குள்ளேயே ஒரு முன்மாதிரி உண்டு. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றின் நடுவே பாறையில் நிற்பது. தண்ணீர் ஏறப்போகிறது என்று தெரிந்ததும் உற்சவரைக் கரையில் உள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். வெள்ளம் வாசலுக்கு வரும்வரை காத்திருப்பதில்லை. மூலவர் மூழ்குவார், வெள்ளம் வடிந்ததும் சுத்தம் செய்து பூஜை நடக்கும். எதை முன்கூட்டியே நகர்த்த வேண்டும், எது மூழ்கினாலும் தாங்கும் என்ற கணக்கு அவர்களிடம் தெளிவாக இருக்கிறது.

அலர்ட் வந்தால் என்ன செய்வது, வார்னிங் வந்தால் என்ன செய்வது?

ஆரஞ்சு அலர்ட் வந்தால் பதறத் தேவையில்லை, கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் கூடாது. ஆதார், ரேஷன் கார்டு, பத்திரம், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுக்கிற இடத்தில் வைக்க வேண்டும். பிரஷர், சுகர் மாத்திரை குறைந்தது ஒரு வாரத்துக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போனும் டார்ச்சும் சார்ஜில் இருக்கட்டும். தாழ்வான இடத்தில் கடை வைத்திருப்பவர்கள் கீழ்த்தட்டுச் சரக்கை மேலே ஏற்ற இதுதான் நேரம். வயலில் மோட்டார் இருந்தால் கழற்றி மேட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். மாடு கட்டியிருக்கும் இடம் ஆற்றுப் பக்கம் என்றால் கயிற்றை மாற்றிக் கட்ட வேண்டியது இப்போதே. கைக்குழந்தை, நடக்க முடியாத பெரியவர், கர்ப்பிணி இருக்கும் வீடுகள் எங்கே போவது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பேசி வைக்க வேண்டும்.

சிவப்பு வார்னிங் வந்துவிட்டால் அந்த வேலைக்கெல்லாம் நேரம் முடிந்துவிட்டது. தாழ்வான இடத்தில், ஆற்றங்கரையில், குளக்கரைக்குக் கீழே வீடு என்றால் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்ப வேண்டும். 2023-ல் மழை உச்சம் பிடித்தது இரவில். கரன்ட் போய், டவரும் போன பிறகு யாரைக் கூப்பிடுவது? மேடான இடத்தில் இருப்பவர்கள் வெளியே போகாமல் இருப்பதே பெரிய உதவி. கொக்கிரகுளம் பாலத்தில் நின்று வெள்ளத்தை வீடியோ எடுப்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தை "முழங்கால் அளவுதான்" என்று பைக்கில் கடப்பதும் அப்படியே.

ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். "சிவப்பு போட்டாங்க, மழையே வரல, அப்ப யாரு சொல்றத நம்புறது?" மழை கணிப்பு சாத்தியக்கூறு பற்றியது. சுழற்சி ஐம்பது கிலோமீட்டர் நகர்ந்தால் நெல்லையில் கொட்ட வேண்டியது கடலில் கொட்டிவிடும். தப்பிய தடவைகளை எண்ணி வைத்துக்கொண்டு அடுத்த தடவையை அலட்சியம் செய்வது, ஹெல்மெட் இல்லாமல் நேற்று விழவில்லை என்பதற்காக இன்றும் போடாமல் போவது மாதிரி.

அறிவிப்பு வந்ததும் தேதியையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வானிலை மையத்தின் ஒரு நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. '17-ம் தேதிக்கு ரெட்' என்றால் 18-ம் தேதி விடியற்காலையும் அதற்குள் அடக்கம். பழைய அறிவிப்பின் படம் வாட்ஸ்அப்பில் அடுத்த வருடமும் சுற்றும் என்பதால் ஆண்டையும் பார்ப்பது நல்லது. "அடுத்த 3 மணி நேரத்தில்" என்று வருவது தனி வகை. அது அந்த நேரத்து ரேடார், செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துக் கொடுப்பது. காலையில் வந்த நாள் அறிவிப்பில் உங்கள் மாவட்டம் மஞ்சளாக இருந்தாலும், மாலையில் வரும் 3 மணி நேர அறிவிப்பில் நிறம் மாறலாம்.

வெள்ளம், மீட்பு, முகாம் தொடர்பாக மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும் மாநிலக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். இரண்டும் கட்டணமில்லாதவை.